வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி

கலவை லாரி கிளம்பிவிட்டதென்று
போன் வந்தபோது மணி ஏழு பத்து.
லோர்னா பிரேட்டர் முழங்காலிட்டு
மண்ணைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நான் கட்டிடக்காரன்.
கென்டக்கியின் கிழக்கு மலைகளில்
இருபத்திரண்டு வீடு எழுப்பியவன்.
வேலி இருக்கும்போது சர்வே எதற்கு,
ஆயிரத்து இருநூறு டாலர் தண்டம் என்று
வெர்லின் ஸ்காக்ஸிடம் சொன்னதும் நான்தான்.
வங்கி கேட்டதால் வந்தவள் இவள்,
அதுவும் கடைசி நாளில்.

பத்திரம் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்றில் எழுதியது:
ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி
வடக்கிலிருந்து கிழக்கே நாற்பத்தொரு பாகை
முப்பத்தெட்டுக் கோல் போய் ஒரு கல்,
அங்கிருந்து இறங்கி மூன்று வெட்டுள்ள பீச் மரம்,
பிறகு ஓடை வளைந்தபடி வளைந்து
தொடங்கிய இடம்.

ஓக் இல்லை. பீச் இல்லை.
ஓடை இருக்கிறது, வேறோர் இடத்தில்.

முந்தின வாரம் நானே அளந்து பார்த்தேன்,
அந்தக் கல்லைத் தேடி,
கைப்பேசித் திசைகாட்டியை நீட்டிப் பிடித்து.
போய் நின்றது
ஓலெட்டா ராட்லிஃபின் அவரைப் பந்தலுக்குள்.
லோர்னாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
"அன்றைக்கு முள் காட்டிய வடக்கு வேறு.
ஏறக்குறைய ஏழு பாகை நழுவியிருக்கிறது.
அறுநூறு அடி நடந்தால் எழுபது அடி தப்பு."
வடக்கு நகரும் என்று
என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஓடையையும் விசாரித்தாள், ஆளை விசாரிப்பதுபோல்.
மெல்ல மெல்லக் கரையைத் தின்று நகர்ந்ததா?
அப்படியானால் எல்லையும் கூடவே போகும்.
வெள்ளத்தில் ஒரே ராத்திரியில் தாவியதா?
அப்படியானால் எல்லை பழைய தடத்திலேயே,
தண்ணீர் இல்லாமல், கிடக்கும்.

சிவப்புக் களிமண்ணில்
அண்டா அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம்.
தொட்டால் பொடியும் ஈர மண்.
"இதோ உன் ஓக் மரம்" என்றாள்.
மரம் போனபின்பும் அது நின்ற இடம்
அங்கேயே அழுகிக்கொண்டிருந்தது.

கல் மேலே, இலைச்சருகுக்கு அடியில்,
உளியால் கொத்திய சிலுவைக் குறியுடன்.
பத்திரத்தில் முப்பத்தெட்டுக் கோல்,
அவள் கருவியில் முப்பத்தேழே முக்கால்.
எதை நம்புவது என்றேன்.
"கல்லை. சங்கிலி தொய்ந்திருக்கும்,
பிடித்தவன் பசியோடு இருந்திருப்பான்.
கல்லுக்குப் பசி இல்லை."

மரக்கறையிலிருந்து கல்லுக்குக் கயிறு கட்டினோம்.
நான் அடித்துவைத்த பலகையடைப்புக்குள்
நாலடி இரண்டங்குலம் புகுந்து
சமையலறையை வெட்டிக்கொண்டு போனது ஆரஞ்சுக் கயிறு.

"நாலடிதானே" என்றான் வெர்லின்.
"யாருக்குத் தெரியப்போகிறது?"

ஓலெட்டா வேலிக்கு அப்பால் நின்றிருந்தாள்,
கையில் காலி வாளி.
"எனக்குத் தெரியும்.
வேலி என் மாமனார் மாட்டுக்குப் போட்டது,
மண்ணுக்குப் போட்டதில்லை."
ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே,
சொல்லியிருக்கலாமே என்றேன்.
"நீங்கள் கேட்டிருக்கலாம்."

லாரி வந்துவிட்டது.
உருளை சுற்றச் சுற்ற
வெர்லினின் பணம் உள்ளே இறுகிக்கொண்டிருந்தது.
ஊற்று என்று அவன் கண்ணால் சொன்னான்.
என்னைப் பார்த்தான் ஓட்டுநர்.
நான் கயிற்றைப் பார்த்தேன்.
காற்றில் லேசாக அதிர்ந்தது,
அவ்வளவுதான் அது செய்தது.

திருப்பி அனுப்பினாலும் முழு லோடுக்கும் காசு.
பாதையோரம் கொஞ்சம் கொட்டி
உருளையைக் கழுவிக்கொண்டு போனான்.
வெர்லின் என்னோடு பேச ஒன்பது நாளாயிற்று.
வீடு ஆறடி தள்ளி எழுந்தது.
சமையலறை ஜன்னலிலிருந்து
அவரைப் பந்தல் முழுதாகத் தெரிகிறது.

கடைசியில் வரைபடம் வந்தது, முத்திரையோடு.
ஓக் மரக்கறை, இரும்பு ஆணி அடிக்கப்பட்டது.
கல், சிலுவைக் குறியுடன், காணப்பட்டது.
பழைய ஓடைத்தடம்.
வேலி, எல்லையல்ல.
அப்புறம் பாதையோரத்தில், பொடி எழுத்தில்:
கான்கிரீட் கட்டி, காணப்பட்டது,
எல்லைக்கோட்டுக்கு மேற்கே மூன்றரை அடி.

என்றைக்காவது ஒருவன்
என் முட்டாள்தனத்தில் தொடங்கி
வடகிழக்கே இத்தனை கோல் என்று
அளக்கத் தொடங்குவான்.